நித்திய கல்யாணி சொல்லும் பாடம்

வாசல் ஓரத்தில் ஒரு செடி. முழங்கால் உயரம் வளரும். பூவுக்கு ஐந்து இதழ். சில செடியில் வெள்ளைப் பூ. சில செடியில் ரோஜா நிறப் பூ. ஆண்டு முழுவதும் பூக்கும். அதனால் அதற்கு நித்திய கல்யாணி என்று பெயர்.

சில ஊர்களில் இதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள். சுடுகாட்டிலும் கல்லறை ஓரத்திலும் தானாக வளரும். யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கொல்கத்தா நகரத்திலும் இதே செடி உண்டு. அங்கே இதற்கு நயன்தாரா என்று பெயர்.

இந்தச் செடியின் சொந்த ஊர் இந்தியா அல்ல. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கர் என்ற தீவு இருக்கிறது. அங்கிருந்து உலகம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். இலையும் வேரும் விலைக்குப் போகின்றன.

ஏன் விலைக்குப் போகின்றன? இந்தச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கும் இதிலிருந்து ஒரு மருந்து வந்திருக்கிறது.

அப்படியானால் இலையைப் பறித்துச் சாறு பிழிந்து குடிக்கலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதுதான் இந்தப் பாடம்.

கொல்கத்தாவில் ஒரு பெண்

செடியில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வேலையை வாழ்நாள் முழுவதும் செய்த ஒரு பெண் கொல்கத்தாவில் இருந்தார். அவர் பெயர் அசிமா சாட்டர்ஜி.

அவர் 1917-ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா டாக்டர். அப்பாவுக்குச் செடி கொடிகள் மீது ஆசை. மகளுக்கும் அந்த ஆசை வந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வம். அசிமா வேதியியல் படித்தார். ஒரு பொருள் எதனால் ஆனது, அதை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் படிப்பு அது. 1944-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பிறகு அமெரிக்காவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய் ஆராய்ச்சி செய்தார். 1950-இல் நாடு திரும்பினார். ஆய்வுக் கருவிகள் குறைவு. பணமும் குறைவு. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை.

அவர் செய்த வேலை இதுதான். செடியைக் கொண்டு வந்து உலர்த்துவார். பொடி செய்வார். அதில் உள்ள சத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார். ஒவ்வொன்றும் என்ன பொருள், எப்படி அமைந்தது என்று ஆராய்வார். பெரும்பாலும் கசப்பான சத்துகள் அவை. அவற்றுக்கு ஆல்கலாய்டு என்று பெயர். நித்திய கல்யாணி வகைச் செடிகளின் ஆல்கலாய்டுகளையும் அவர் ஆராய்ந்தார். ஆரைக்கீரையைக் கொண்டு வலிப்பு நோய்க்கு ஒரு மருந்தை உருவாக்கினார். ஏழிலைப்பாலை போன்ற செடிகளைக் கொண்டு மலேரியாவுக்கும் மருந்து தேடினார்.

1961-இல் அவருக்குப் பட்நாகர் விருது கிடைத்தது. அறிவியலுக்காக இந்தியாவில் அப்போது தந்த பெரிய விருது அது. அதைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். 1975-இல் பத்மபூஷண் கிடைத்தது. 2006-இல் அவர் காலமானார்.

நித்திய கல்யாணியின் புற்றுநோய் மருந்தை அசிமாதான் கண்டுபிடித்தார் என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. அந்த மருந்து கிடைத்த கதை வேறு.

இருபத்தைந்து இலைகள்

1952-ஆம் ஆண்டு. கனடா நாட்டில் ராபர்ட் நோபிள் என்ற டாக்டர் ஆராய்ச்சி செய்து வந்தார். ஒரு நாள் அவருக்கு ஓர் உறை வந்தது. அண்ணன் தம்பி இருவரும் டாக்டர்கள். உறையை அனுப்பியவர் அவருடைய சகோதரர். உள்ளே நித்திய கல்யாணி இலைகள் இருபத்தைந்து இருந்தன. ஜமைக்கா தீவில் இந்த இலையைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்களாம். அது உண்மையா என்று பார்க்கத்தான் இலைகள் வந்தன.

நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார். வாய் வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. பிறகு ஊசி மூலம் ஏற்றினார். அப்போதும் சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகள் செத்துப் போயின.

ஏன் செத்தன? அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. எலியின் ரத்தத்தைப் பார்த்தார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. வெள்ளை அணுக்கள் உடம்பின் காவல்காரர்கள். காவல் இல்லாததால் கிருமி தாக்கி எலிகள் செத்தன.

நோபிளுக்கு ஒரு யோசனை வந்தது. ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும். அவற்றைக் குறைக்கும் பொருள் அந்த நோய்க்கு மருந்தாகலாமே! சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் அவரோடு சேர்ந்தார். இருவரும் இலையிலிருந்து அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தார்கள். 1958-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் பெயர் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியும் இதே செடியை ஆராய்ந்தது. வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்தும் கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு அது இன்றும் முக்கியமான மருந்து.

கவனியுங்கள். எலியைக் கொன்ற பொருள்தான் மருந்தானது. அது முதலில் நஞ்சாகத்தான் தெரிந்தது.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன அறை போன்றது. பழைய செல் சாகும். ஒரு செல் இரண்டாகப் பிரிந்து புதிய செல் உண்டாகும். இது அளவோடு நடக்க வேண்டும். அளவு மீறி, கட்டுப்பாடு இல்லாமல் செல்கள் பெருகினால் அதுதான் புற்றுநோய்.

ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே மெல்லிய இழைகள் உண்டாகும். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறார்கள் அல்லவா? அது போல. வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்து விடுவார்கள். செல்லும் அப்படித்தான் செய்யும்.

நித்திய கல்யாணி மருந்து சாரத்தைக் கட்ட விடாது. சாரம் இல்லாமல் செல் இரண்டாக முடியாது. முடிவில் செத்துப் போகும்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. நல்ல செல்களும் இரண்டாகின்றன. எலும்புக்குள் ரத்த அணுக்கள் ஓயாமல் உண்டாகின்றன. முடியின் வேரில் உள்ள செல்களும் வேகமாகப் பெருகுகின்றன. இந்த வகை மருந்துகள் அவற்றையும் தாக்கும். அதனால்தான் சிகிச்சை எடுப்பவருக்கு முடி கொட்டுகிறது. வெள்ளை அணுக்கள் குறைகின்றன. டாக்டர் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் இதனால்தான்.

நுரையீரலுக்கு வந்த மருந்துகள்

உலகத்தில் புற்றுநோயால் சாகிறவர்களில் நுரையீரல் புற்றுநோயால் சாகிறவர்களே அதிகம். இந்த நோய்க்குத் தரும் மருந்துகளில் பல, செடியையும் மரத்தையும் மூலமாகக் கொண்டவை.

ஒன்று, வினோரெல்பின். நித்திய கல்யாணியின் சத்தை எடுத்து, அதை ஆய்வகத்தில் மாற்றி அமைத்து உருவாக்கியது. செய்தவர்கள் பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர்கள்.

இரண்டு, பாக்லிடாக்சல். அமெரிக்காவில் ஊசியிலை மரம் ஒன்று இருக்கிறது. 1962-இல் அதன் பட்டையைச் சேகரித்தார்கள். மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இருவர் அதை ஆராய்ந்தார்கள். வானி மகாராஷ்டிரத்தில் நந்துர்பார் என்ற ஊரில் பிறந்தவர். பொருளின் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். இந்த மருந்து சாரத்தைப் பிரிக்க விடாது. கட்டிய சாரம் அப்படியே நின்றால் செல் இரண்டாக முடியாது. இமயமலைப் பக்கமும் இந்த இனத்து மரம் உண்டு.

மூன்று, எட்டோபோசைடு. பொடோபில்லம் என்ற மலைச்செடி இனத்தின் வேர்ச் சத்திலிருந்து வந்தது. இந்த இனச் செடி இமயமலையிலும் வளர்கிறது.

நான்கு, டோபோடெகான். சீனாவில் உள்ள ஒரு மரத்தின் சத்திலிருந்து வந்தது. மூலச் சத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதே வால், வானி இருவர்தான்.

செல்லுக்குள் மிக நீளமான நூல் ஒன்று சுருண்டு கிடக்கிறது. நம் உடம்பின் குறிப்புகள் எல்லாம் அதில்தான் உள்ளன. செல் இரண்டாகும்போது அந்த நூலில் சிக்கு விழும். சிக்கு எடுக்கச் செல்லுக்குள் ஒரு பொருள் உண்டு. எட்டோபோசைடும் டோபோடெகானும் அந்தச் சிக்கெடுக்கும் வேலையைக் கெடுக்கும். நூல் அறுந்து செல் சாகும்.

எல்லாருக்கும் இந்த மருந்துகளே போதும் என்று நினைக்க வேண்டாம். நோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுக்கலாம். சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். சிலருக்கு வேறு வகைப் புதிய மாத்திரைகளும் ஊசிகளும் உண்டு. எது யாருக்கு என்று பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும்.

இலையைத் தின்றால் என்ன?

முதல் காரணம், அளவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு பிடி இலையில் மருந்து எவ்வளவு இருக்கும்? யாருக்கும் தெரியாது. ஒரு செடியில் கூடுதலாக இருக்கும். இன்னொன்றில் குறைவாக இருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் உயரம், எடை பார்த்து, மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். ஒரு கிராமை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மில்லிகிராம்.

இரண்டாவது காரணம், இலையில் ஒரு பொருள் மட்டும் இல்லை. நூறுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இந்தச் செடியில் இருக்கின்றன. வேண்டியதும் உண்டு. வேண்டாததும் உண்டு. இலை நஞ்சு. ஆடு மாடுகூட இதை விரும்பித் தின்பதில்லை.

மூன்றாவது காரணம், கொடுக்கும் வழி. வின்பிளாஸ்டினை ரத்தக் குழாயில்தான் ஏற்ற வேண்டும். குழாய்க்கு வெளியே சிந்தினால் சதை புண்ணாகிவிடும். பயிற்சி பெற்ற நர்ஸ் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும்.

செடிதானே, இயற்கைதானே, கெடுதல் செய்யாது என்று சொல்வார்கள். அரளியும் செடிதான். அதன் விதை உயிரைக் குடிக்கும். புகையிலையும் செடிதான். நுரையீரல் புற்றுநோயைப் பெரும்பாலும் கொண்டு வருவது அதன் புகைதான்.

மஞ்சள் பற்றிய பேச்சு

மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்கும் என்ற பேச்சு உண்டு. மஞ்சளில் குர்குமின் என்ற பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்களை வளர்த்து, அதன் மேல் குர்குமினை விட்டால் செல்கள் சாகின்றன. இது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடம்பு வேறு. மஞ்சளைச் சாப்பிட்டால் மிகச் சிறிய அளவே ரத்தத்தில் சேர்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு அது மருந்து என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. சமையலுக்கு மஞ்சள் நல்லது. சிகிச்சைக்குப் பதிலாக அது ஆகாது.

ஒரு பொருள் மருந்தாவதற்குப் பல படிகள் ஏற வேண்டும். முதல் படி கண்ணாடித் தட்டு. இரண்டாம் படி எலி போன்ற விலங்கு. மூன்றாம் படி சில மனிதர்கள். எவ்வளவு கொடுக்கலாம், கெடுதல் உண்டா என்று அப்போது பார்ப்பார்கள். நான்காம் படி இன்னும் அதிகமான மனிதர்கள். பலன் உண்டா என்று பார்ப்பார்கள். ஐந்தாம் படி, பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. முதல் படியில் ஏறும் பொருள்கள் ஏராளம். கடைசிப் படி வரை வருபவை மிகச் சில.

அடுத்த முறை யாராவது "இந்த இலை புற்றுநோயைக் குணமாக்கும்" என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். அது எந்தப் படி வரை ஏறியது?

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு

இப்படிப்பட்ட பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். மாமா ஊரிலிருந்து வந்திருக்கிறார். கையில் ஒரு கட்டு இலை.

மாமா: மச்சான், இதை அரைச்சு வெறும் வயித்துல குடிங்க. எப்பேர்ப்பட்ட சளியும் ஓடிப்போயிடும். புத்துநோய்க்கே மருந்தாம் இது.

மகள்: யார் சொன்னாங்க மாமா?

மாமா: எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்கம்மா.

மகள்: இதுல மருந்து இருக்கறது நிஜம்தான் மாமா. ஆனா அதைப் பிரிச்சு, அளந்து, ஆஸ்பத்திரியில வெச்சுக் கொடுக்கணும். பச்சை இலை நஞ்சு. அதோட அப்பாவுக்கு என்ன நோயின்னே இன்னும் தெரியாதே.

அப்பா: ரெண்டு நாள் குடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போறேனே.

மகள்: மூணு வாரம் போயிடுச்சுப்பா. நாளைக்கே சளிப் பரிசோதனைக்குப் போலாம். அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. அந்த பீடிக் கட்டை என்கிட்ட கொடுங்க.

மாமா: சரி மச்சான். பொண்ணு சொல்றதைக் கேளுங்க. நானும் கூட வர்றேன்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் போக வேண்டும். சளியில் ரத்தம் வந்தால் உடனே போக வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குரல் கம்மிப் போதல், காரணம் இல்லாமல் எடை குறைதல் ஆகியவையும் அறிகுறிகள்.

இந்த அறிகுறிகள் காசநோயிலும் வரும். அதனால் முதலில் சளிப் பரிசோதனை செய்வார்கள். காசநோய் என்றால் அதற்கு இலவச மருந்து உண்டு. காசநோய் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. காசநோய் மருந்து சாப்பிட்டும் குணமாகவில்லை என்றாலும் விடக் கூடாது. "வேறு என்ன நோய்? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கொல்கத்தாவில் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. 1950-இல் அந்த ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி. ரேடியம் கண்டுபிடித்த மேரி கியூரியின் மகள் அவர். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கியது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சை உண்டு. போகும்போது மருத்துவக் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நோய் வராமல் தடுக்க

பீடி, சிகரெட் பிடிப்பதை நிறுத்த வேண்டும். பீடி சின்னது, அதனால் கெடுதல் குறைவு என்பது தவறு. பக்கத்தில் ஒருவர் புகை விட்டால் அதைச் சுவாசிப்பவருக்கும் கெடுதல். வீட்டுக்குள் யாரையும் புகைக்க விடாதீர்கள். விறகு அடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். அடுப்படியில் புகை வெளியே போக வழி வேண்டும்.

புகையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. விடுவதற்கு வழி சொல்வார்கள். பல ஆண்டுகள் பிடித்தவர் நிறுத்தினாலும் பலன் உண்டு. ஆண்டுகள் போகப் போக ஆபத்து குறையும்.

நித்திய கல்யாணி வாசலில் பூக்கட்டும். பூவைப் பாருங்கள். இலையை வாயில் வைக்காதீர்கள். அதன் மருந்தை டாக்டர் அளந்து கொடுக்கட்டும்.

புதிய சொற்கள்

ஆல்கலாய்டு – செடியில் உள்ள, பெரும்பாலும் கசப்பான ஒரு வகைச் சத்து
செல் – உடம்பை உருவாக்கும் மிகச் சிறிய அறை
வெள்ளை அணு – ரத்தத்தில் உள்ள, கிருமியை எதிர்க்கும் செல்
மில்லிகிராம் – ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு

விடை எழுதுங்கள்

1. நித்திய கல்யாணிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?
2. அசிமா சாட்டர்ஜி எந்த நகரத்தில் வேலை செய்தார்? என்ன வேலை செய்தார்?
3. எலிகள் ஏன் செத்தன? அதிலிருந்து டாக்டர் நோபிள் என்ன தெரிந்துகொண்டார்?
4. இலையை அப்படியே சாப்பிடக் கூடாது. மூன்று காரணங்களை எழுதுங்கள்.

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. ______ வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.
2. நுரையீரல் புற்றுநோயைப் பெரும்பாலும் கொண்டு வருவது ______ புகை.

பேசுங்கள்

உங்கள் தெருவில் நீண்ட நாளாக இருமுகிறவர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் என்ன சொல்வீர்கள்? மையத்தில் எல்லாரும் கூடிப் பேசுங்கள். பேசியதை நான்கு வரியில் எழுதுங்கள்.